லெமுவேல் மூச்சு விட்ட இடங்கள்

நியூயார்க், ஹார்லெம்
10 அக்டோபர் 1961

அன்பு மகள் வெர்லீனுக்கு,

உன் பெரியப்பா ஹோசியா எழுதுவது. நானும் நலம், என் முழங்கால் வலியும் நலம். இரண்டு பேரும் சேர்ந்தே படியேறி இறங்குகிறோம். பிட்ஸ்பர்க்கில் நீயும் உன் அம்மாவும், நீ ஞாயிறுதோறும் வாசிக்கிற தேவாலயத்து ஆர்கனும் சுகமாக இருக்க ஆண்டவர் கிருபை செய்யட்டும்.

விசாரிப்பு இத்தோடு போதும். எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

சனிக்கிழமை ப்ரூயிட் கடையில் முடிவெட்டக் காத்திருந்தபோது ஒரு ஜாஸ் பத்திரிகையைப் புரட்டினேன். உன் அப்பன் லெமுவேல் 53-இல் ஊதிக் கொடுத்து, கம்பெனிக்காரன் அலமாரியில் வைத்துப் பூட்டினானே, அந்தப் பதிவை இப்போது வெளியிடப் போகிறார்களாம். என் தம்பி செத்து மூன்று வருடம் கழித்து இவர்களுக்கு அவன்மேல் பாசம் வந்திருக்கிறது. அதுகூடப் போகட்டும். பத்திரிகைக்காரன் என்ன எழுதியிருக்கிறான் பார்: "போதை ஊசிக்கு உதட்டைப் பலி கொடுத்த மேதை. பாதியில் பாதியில் அறுந்துபோகும் மூச்சு." லெமுவேலா ஊசி போட்டான்? அம்மை ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்துக் கோழிக்கூண்டுக்குள் நுழைந்துகொண்டவன் அவன். நான்தான் காலைப் பிடித்து இழுத்தேன். கூடவே நாலு கோழியும் வந்தது.

நேற்றுக் கோட்டை மாட்டிக்கொண்டு கம்பெனிக்கே போனேன். கிரிம்ஷா என்று ஒரு வெள்ளைக்காரன், 53-இல் பதிவு செய்ததும் அவன்தான். மேஜையில் ஒரு குத்து விட்டேன், சுவரில் மாட்டியிருந்த தங்க இசைத்தட்டு கழன்று விழுந்தது. "லெமுவேல் டார்வருக்கு ட்ரம்பெட் சொல்லிக்கொடுத்தவன் முன்னாடி நிக்கிற. எந்திரி" என்றேன். எழுந்தான். தெற்குக் கரோலினாவில் தோட்டத்து ரப்பர் குழாயில் புனலைச் செருகி, எட்டு வயதுப் பிள்ளையை நான் ஊத வைத்தபோது ஆற்று மீனெல்லாம் கரையோரம் வந்து கேட்ட கதையை அவனுக்குச் சொன்னேன். வாயைப் பிளந்தான். ஆறாம் வகுப்போடு நான் நின்றதே, அதற்குமேல் வாத்தியாரிடம் சரக்கு இல்லாததால்தான் என்பதையும் சொல்லிவைத்தேன்.

உன் அப்பன் கட்டிய மெட்டுகளை வெளியிட உன் கையெழுத்து வேண்டுமாம். போடாதே.

முத்தங்களோடு,
பெரியப்பா ஹோசியா

*

பிட்ஸ்பர்க்
24 அக்டோபர் 1961

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வெர்லீனின் வணக்கம். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. உங்கள் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள்.

கம்பெனிக் கடிதம் எனக்கும் வந்துவிட்டது. உங்களைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: வயதான கனவான் ஒருவர் வந்து, இரண்டு கோப்பை காபி குடித்து, தன் லேத் பட்டறையைப் பற்றி ஒரு மணிநேரம் பேசிவிட்டுப் போனார் என்று. தங்க இசைத்தட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

அவர்கள் இரண்டு காரியம் செய்யப் போகிறார்கள், பெரியப்பா. உறையின் பின்பக்கம் ஊசிக்கதையை அச்சடிக்கப் போகிறார்கள். அப்பா நிறுத்துகிற இடங்களில் எல்லாம் வேறொரு ட்ரம்பெட்காரனை ஊதவைத்து "நிரப்ப"ப் போகிறார்கள். செத்தவரின் வாயில் அடுத்தவர் மூச்சை வைத்து அடைப்பதா?

ஆனால் கையெழுத்துப் போடாமல் விட்டால் அது அலமாரியிலேயே மக்கிப் போகும். எனக்கு அதுவும் வேண்டாம். அப்பாவை உலகம் கேட்க வேண்டும். பொய் இல்லாமல் கேட்க வேண்டும். என் கையெழுத்துக்கு ஜனவரி 31 கடைசி நாள்.

ஊசி இல்லையென்றால் வேறென்ன என்று கிரிம்ஷா கேட்கிறார். அந்தக் கேள்வி எனக்கும் இருக்கிறது. 53 மார்ச் மாதம்வரை அப்பா ஒரே மூச்சில் முடிவில்லாத நீளத்துக்கு, வேகமாக ஊதினார். அந்த வேகத்துக்காகவே அவர் பின்னால் அலைந்தார்கள். பதிவு நாளான ஏப்ரல் 14 அன்று அது நின்றுபோனது. அன்று ஸ்டுடியோவில் நம் வீட்டு ஆள் என்று இருந்தது நீங்கள் ஒருவர்தான். அம்மாவைக் கேட்டால், "உன் பெரியப்பாவைக் கேளு" என்பதோடு முடித்துக்கொள்கிறாள்.

என்ன நடந்தது?

அன்புடன்,
வெர்லீன்

*

ஹார்லெம்
6 நவம்பர் 1961

அன்பு மகள் வெர்லீனுக்கு,

உப்பு ஒத்தடம் கொடுத்தேன். முழங்காலுக்கு ருசி கூடியிருக்கிறது, வலி குறையவில்லை.

அந்த ஓட்டையை நிரப்பக் கூப்பிட்ட ஆள் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். டெல்மர் என்று ஒருவன், மெலிந்த கழுத்து, கறுப்புக் கண்ணாடி. ப்ரூயிட் கடையில்தான் அவனும் முடிவெட்டிக்கொள்கிறான். நாற்காலியில் துணியைப் போர்த்தி, பாதித் தலை வெட்டியிருந்த நேரத்தில், ஓட முடியாத நிலையில் பிடித்தேன்.

"என் தம்பி சட்டைக்கு ஒட்டுப்போட வந்த தையக்காரன் நீதானா?"

"நான் மாட்டேன்னு சொல்லிட்டேன், சார்."

"ஏன், காசு பத்தலியா?"

"அந்த இடத்துல ஒண்ணும் இல்லாம இல்ல சார். தாளத்துல ரெண்டு தட்டு ஊதிட்டு நாலு தட்டு விடுறாரு பாருங்க, அந்த நாலுதான் பாட்டே. நாங்கல்லாம் அதை எண்ணி எண்ணிப் பழகுறோம். எங்க ஊதணும்னு எவன் வேணும்னாலும் சொல்லித் தருவான். எங்க விடணும்னு லெமுவேல் டார்வர் ஒருத்தர்தான் காட்டிட்டுப் போனாரு."

உன் அப்பன் ஊதின பீபாப் ஜாஸ் என்றால் என்ன, வெர்லீன்? பழைய பாட்டின் எலும்பை வைத்துக்கொண்டு புதுச் சதை ஒட்டுவது. என் தம்பி சதையையும் வழித்துவிட்டு வெறும் மூச்சை உட்கார வைத்தான் என்கிறார்கள். பதின்மூன்று மாகாணத்தில் இருபது வயதுப் பையன்கள் இதைச் செய்கிறார்களாம். "அந்த நாலு தட்டை அவனுக்குச் சொல்லித்தந்தது யாருன்னு நினைக்கிற?" என்று கேட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. ப்ரூயிட், "நோவா பேழை கட்டினப்ப ஆணி எடுத்துக் கொடுத்ததும் நீங்கதானே" என்றான். பொறாமை.

அன்று ஸ்டுடியோவில் என்ன நடந்தது என்று கேட்டாய். குளிர். ஏப்ரலில் பனி கொட்டியது. சூடாக்கும் இயந்திரத்தைக் கிரிம்ஷா வேண்டுமென்றே அணைத்து வைத்தான். பியானோவில் மூன்று கட்டை பேசவில்லை. அந்தக் குளிரில் எவன் உதடு வேலை செய்யும்? இதை எழுதாமல் ஊசி என்று எழுதுகிறான், திருடன்.

முத்தங்களோடு,
பெரியப்பா

*

பிட்ஸ்பர்க்
16 நவம்பர் 1961

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நாங்கள் சுகம். டெல்மருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நூலகத்தில் பழைய நாளேட்டை எடுத்துப் பார்த்தேன். 53 ஏப்ரல் 14 நியூயார்க்கில் வெயில்.

கம்பெனியிடம் கேட்டு அந்தப் பதிவின் பிரதியை வாங்கினேன். இங்குள்ள வானொலி நிலையத்தில் கெஞ்சி, ஒரு மதிய நேரம் முழுவதும் உட்கார்ந்து கேட்டேன். வெட்டி எடுக்காத டேப். பாட்டுக்கு நடுவே பேசியதும் அதில் இருக்கிறது. இரண்டாம் பாட்டுக்குப் பிறகு அப்பா சொல்கிறார்: "இதென்ன, காத்து நிக்கவே மாட்டேங்குது. ஓட்டைச் சாக்குல மாவு கொட்டுற மாதிரி போகுது."

உடனே இன்னொரு குரல், சிரித்துக்கொண்டே: "ஊதுடா தம்பி, சும்மா ஊது. போகப்போகப் பாரு, எவ்ளோ பெருசா வருதுன்னு."

அந்தச் சிரிப்பைச் சிறு வயதிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் கேட்டிருக்கிறேன். பெரிதாக வரும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், பெரியப்பா?

வெர்லீன்

*

ஹார்லெம்
21 டிசம்பர் 1961

அன்பு மகள் வெர்லீனுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். உடனே பதில் எழுத முடியவில்லை, முழங்கால். தனியாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். நானே செய்தது. அதன் வாசனைக்கு இந்தத் தெருவில் மூன்று குடும்பச் சண்டை தீர்ந்தது.

இனி மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நீ தாங்குவாயா என்றுதான் இத்தனை நாள் யோசித்தேன். பதிவுக்கு முந்தின நாள் லெனாக்ஸ் அவென்யூவில் ஒரு போலீஸ்காரன் லெமுவேலைத் தடியால் அடித்தான். முன்பல் ஒன்று உடைந்தது. நான் நடுவில் பாய்ந்து தடியைப் பிடுங்கி இரண்டாக முறித்தேன். பல் உடைந்தவன் எப்படி ஊதுவான்? மூச்சு அந்தச் சந்து வழியாகப் போய்விட்டது. கிரிம்ஷா அதைக் கண்ணால் பார்த்தும் ஊசி என்று ஊர் முழுக்கச் சொன்னான். அதற்கப்புறம் இந்த ஊரில் எந்த கிளப்பும் அவனைக் கூப்பிடவில்லை. உன் அப்பன் மூட்டை கட்டிக்கொண்டு பிட்ஸ்பர்க் வந்தது அதனால்தான். அந்த மனுஷனை நரகத்தில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். பத்திரிகைக்காரனைப் பக்கத்தில். உறை அச்சடிப்பவனை அவன் பக்கத்தில்.

பலகாரத்தைச் சூடாக்கிச் சாப்பிடு.

பெரியப்பா

*

பிட்ஸ்பர்க்
30 டிசம்பர் 1961

பெரியப்பாவுக்கு,

பலகாரம் வந்தது. அம்மா சாப்பிட்டாள்.

போலீஸ்காரர்கள் நம் ஆட்களின் பல்லை உடைத்ததில்லை என்று சொல்லவில்லை. அப்படி உடைபட்ட எத்தனையோ பேரின் வலியை எடுத்து உங்கள் கதைக்குப் போர்த்திக்கொள்ள வெட்கமாக இல்லையா? அப்பாவின் பற்கள் ஒன்று குறையாமல் அவரோடு அடக்கம் ஆயின. கடைசி நாள்களில் அவருக்குப் பல் துலக்கிவிட்டது நான்.

முதலில் குளிர். பிறகு பல். கிரிம்ஷாவைத் திட்டி நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒளிந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. கிரிம்ஷாவுக்கு அப்பாவைத் தெரியாது. தெரியாமல் பொய் எழுதினார். தெரிந்தவர் ஒருவர் எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர்?

வழக்கறிஞரைப் பார்த்தேன். ஊசிக்கதையை எடுக்க வேண்டுமானால், அன்று அந்த அறையில் இருந்த ஒருவர் உண்மைக் காரணத்தை எழுதி, சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். பியானோக்காரர் இறந்துவிட்டார். மற்ற இரண்டு வாத்தியக்காரர்களுக்கும் ஒன்றும் தெரியாது. மிச்சம் நீங்கள்.

உண்மை வரவில்லையென்றால் ஜனவரி 31-க்குப் பிறகு அது அலமாரிக்கே போகும். அப்பா இரண்டாவது முறை சாவார்.

இனிக் கதை எழுதுவதாக இருந்தால் எனக்கு எழுத வேண்டாம்.

வெர்லீன்

*

ஹார்லெம்
12 ஜனவரி 1962

வெர்லீன்,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

பதிவுக்கு முந்தின வாரம் ப்ரூயிட் கடையில் ஒருவன், உன் தம்பி வேகமாக ஊதுகிறான், ஆனால் சத்தம் ஊசி மாதிரி மெலிசு என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரம் கேள், கண்ணாடி உடையும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லெமுவேல் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ட்ரம்பெட் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். செவ்வாய்க்கிழமை என் வீட்டிலிருந்தே ஸ்டுடியோவுக்குப் போவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை அவனுடைய மவுத்பீஸை, உதட்டில் வைத்து ஊதுகிற அந்த வெள்ளிக் கிண்ணத்தை, எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அதன் அடியில் காற்று போகிற துளை இருக்கிறது. குழாய் அகலமாக இருந்தால் தண்ணீர் அதிகம் வரும். எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். லேத்தில் பிடித்துத் துளையைக் கால் நூல் அளவு பெரிதாக்கினேன். பாலிஷ் போட்டேன். பெட்டியில் திரும்ப வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. சத்தத்தைக் கேட்டு ஆச்சரியப்பட்டு, "அண்ணே, என்ன பண்ணின?" என்று கேட்பான் என்று காத்திருந்தேன்.

குழாயைப் பெரிதாக்கினேன். தொட்டி அதேதான் என்று யோசிக்கவில்லை. அவன் நெஞ்சில் இருந்த மூச்சு அவ்வளவுதான். பாதி வழியில் தீர்ந்து தீர்ந்து நின்றான். சத்தம் பெரிதாகத்தான் வந்தது, கறுத்துக் கனத்து. ஆனால் உச்சிக்கு ஏறவில்லை. மூன்றாம் பாட்டில் முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

கண்ணாடி அறைக்குள் கிரிம்ஷா பக்கத்து ஆளிடம் சொன்னான்: "ஊசி. உதடு போச்சு. இவன் முடிஞ்சான்." நான் கதவுப் பக்கம் நின்றிருந்தேன். என் காதில் விழுந்தது. எல்லாவற்றுக்கும் வாய் திறக்கிறவன் நான். அன்று தொப்பியைத் தேடினேன்.

திரும்பும்போது ரயிலில் லெமுவேல் மவுத்பீஸைக் கழற்றி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். அந்தத் துளை வழியாக என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், "வீட்டுல சாப்பிட என்னண்ணே இருக்கு?" என்றான். அதற்குமேல் சாகும்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எட்டு வருடமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் புளுகுதான்.

நேற்றுப் பத்திரம் எழுதி, ப்ரூயிட் கடையில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ப்ரூயிட்டும் டெல்மரும் சாட்சி போட்டார்கள். இதோடு வைத்திருக்கிறேன். கடைசி வரியைப் பார்: "ஆகவே லெமுவேல் டார்வரின் பிற்கால நடையும், அதில் உள்ள இடைவெளிகளும், முழுக்க என் கையால் உண்டானவை." பழி முழுவதும் என்மேல் வரட்டும்.

துளை மட்டும் சுத்த வட்டம். அது பொய்யில்லை.

ஹோசியா

*

பிட்ஸ்பர்க்
20 ஜனவரி 1962

பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கோபம் ஆறவில்லை. இப்போதைக்கு ஆறாது. துளை செய்ததற்கு அல்ல, தொப்பியைத் தேடினதற்கு.

ஆனால் உங்கள் கடைசி வரிதான் என்னை எரிக்கிறது. பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

அப்பாவின் ட்ரம்பெட் பெட்டியைத் திறந்தேன். அதில் மவுத்பீஸ் இரண்டு இருக்கிறது. ஒன்று நீங்கள் கைவைத்தது. உதடு படுகிற இடத்தில் வெள்ளி தேய்ந்து பித்தளை தெரிகிறது. இன்னொன்று புதுசு, கடைக்காரரின் அட்டைப்பெட்டியோடு. பெட்டிமேல் அப்பாவின் கையெழுத்தில் 20 ஏப்ரல் 53. ஸ்டுடியோவுக்குப் போய் ஆறே நாள். எந்தக் கடையிலும் கிடைக்கிற பொருள்தானே அது.

அம்மா இப்போதுதான் வாய் திறந்தாள். அப்பா ஒரு வாரம் சமையலறையில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றி ஊதினாராம். பிறகு புதுசைப் பெட்டிக்குள் போட்டு மூடினாராம். "இதுல ஊதினா பழைய ஆளு வர்றான். அவனை எனக்குத் தெரியும். அதுல யாரோ ஒருத்தன் புதுசா வர்றான், அவன் யாருன்னு பாக்கணும்" என்றாராம். உங்களிடம் ஏன் கேட்கவில்லை என்று அம்மா கேட்டதற்கு, "கேட்டா அண்ணன் ஒண்ணு பேசிக்கிட்டே இருப்பான், இல்லேன்னா வீட்டுப்பக்கமே வர மாட்டான். எனக்கு ரெண்டும் வேணாம்" என்றாராம்.

56-இல் இங்கே வைலி அவென்யூ கிளப் ஒன்றில் அவர் வாசித்ததை ஒருவர் பதிவு செய்து வைத்திருக்கிறார்; அதன் பிரதிகள் ஊர் ஊராகக் கைமாறிப் போகின்றனவாம். அதையும் கேட்டேன். 53-இல் மூச்சு தீர்ந்து நிற்கிறார். 56-இல் மூச்சை வைத்துக்கொண்டே நிற்கிறார், பெரியப்பா. நிறுத்தின பிறகு, எல்லாரும் காத்திருக்கும்போது, மெதுவாக மூக்கு வழியே விடுகிறார், ஒலிவாங்கியில் கேட்கிறது. டெல்மரும் மற்ற பையன்களும் எண்ணிப் பழகுவது அதைத்தான்.

அவருக்கு ரப்பர் குழாயில் சொல்லிக்கொடுத்தது நீங்கள். நாலு தட்டு சொல்லிக்கொடுத்தது நீங்கள். இப்போது கெடுத்ததும் நீங்கள், அந்தக் கெடுதலில் விளைந்ததும் உங்களுடையது. அவருக்கென்று என்னதான் விட்டுவைப்பீர்கள்? நீங்கள் செய்தது ஒரு திங்கட்கிழமை வேலை. மீதி ஐந்து வருடம் அவர் செய்தது.

கடைசி வரியை அடித்துவிட்டுத் திரும்பக் கையெழுத்துப் போடுங்கள். எதையும் நிரப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு நானும் போடுகிறேன்.

வெர்லீன்

*

ஹார்லெம்
25 ஜனவரி 1962

வெர்லீனுக்கு,

அடித்துவிட்டேன். போட்டுவிட்டேன். கம்பெனியில் நானே கொடுத்தேன். மேஜையைக் குத்தவில்லை. காபி குடிக்கவில்லை.

ஹோசியா

*

ஹார்லெம்
26 மே 1962

அன்பு மகள் வெர்லீனுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ ஒரு வரி எழுதியதே போதும். அம்மாவின் இருமல் நின்றது அறிந்து சந்தோஷம். என் முழங்கால் வெயிலுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கிறது.

நீ அனுப்பிய ரெக்கார்டு வியாழக்கிழமை வந்தது. யாரும் எதையும் நிரப்பவில்லை. உறையில் ஊசி இல்லை. பின்பக்கம், சின்ன எழுத்தில், பதிவுக்கு முந்தின நாள் அவர் அறியாமல் அவருடைய மவுத்பீஸை அண்ணன் ஹோசியா டார்வர் மாற்றியமைத்திருந்தார் என்று இருக்கிறது. ஒரு ரெக்கார்டில் என் பெயர் அச்சாக வேண்டும் என்று முப்பது வருடம் ஆசைப்பட்டேன். எழுத்துப்பிழை இல்லாமல் வந்திருக்கிறது.

ப்ரூயிட் கடையில் போட்டுக் கேட்டோம். நூறு பேர் இருந்தார்கள். இல்லை, ஏழு பேர். மூன்றாம் பாட்டில் உன் அப்பன் முதல்முறை நிற்கிற இடம் வந்தது. டெல்மர் ஏதோ விளக்க வாயெடுத்தான். "பேசாத, அவன் இன்னும் முடிக்கல" என்றேன். ப்ரூயிட்டின் கத்தரி நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை, வெளியே பஸ் போகிற சத்தம். அப்புறம் அவன் திரும்பத் தொடங்கினான்.

முடிந்ததும், துணி போர்த்தி உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர், "யாருங்க இவரு? இவருக்கு யாரு சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ப்ரூயிட் சிரிக்கத் தயாராகக் கத்தரியைக் கீழே வைத்தான்.

"என் தம்பிங்க. அவனாத்தான் கத்துக்கிட்டான்" என்றேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். நீ எப்போது மன்னிக்கிறாயோ அப்போது மன்னி, அவசரம் இல்லை.

உன் பெரியப்பா,
ஹோசியா